பாலைவனத்தில் பெருகும் வெள்ளைக் குமிழ்கள்: பைன் கேப் நமக்கு ஏன் முக்கியம்?

நகரத்து அடுக்குமாடி வீடானாலும் சரி, தோட்டத்து லயமானாலும் சரி, பெரும்பாலும் ஓர் அஸ்ட்ரோ தட்டு இருக்கும். அதை ஒருமுறை நின்று பாருங்கள். அது பக்கத்து ஊர்க் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காது. ஏறக்குறைய வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

காரணம் எளிது. நமக்கு ஒளிபரப்பை இறக்கித் தரும் மீசாட் துணைக்கோளம், இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுவதால், நம் பார்வைக்கு அது ஒரே இடத்தில் நிற்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்வதால் நம் தட்டும் நிமிர்ந்தே நிற்கிறது. அதைச் சற்றுத் திருப்பிவிட்டால் படம் வராது.

இந்தத் தட்டிலிருந்து இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு தட்டு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்தால், அது எந்தத் துணைக்கோளத்துடன் பேசுகிறது என்று சொல்லிவிடலாம். ஓரிடத்தில் எத்தனை தட்டுகள் இருக்கின்றன என்று எண்ணினால், அங்கே நடக்கும் வேலை கூடுகிறதா, குறைகிறதா என்று கணிக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் நடுவே, பாலைவனத்தில், இப்படி எண்ணிப் பார்க்க வேண்டிய ஓரிடம் இருக்கிறது. அதன் பெயர் பைன் கேப். அங்கே தட்டுகள் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றில் பல, எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று வெளியே தெரியாதபடி வெள்ளைக் குமிழ்களுக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து இயக்கப்படும் துணைக்கோளங்களின் பார்வைக்குள்தான் நம் நாடுகளும் இருக்கின்றன.

பள்ளத்தாக்கில் ஒரு நிலையம்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரிலிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில், குன்றுகளுக்கு நடுவிலான பள்ளத்தாக்கில் இருக்கிறது பைன் கேப். அது அரெண்டா பழங்குடி மக்களின் நிலம். இன்று சுமார் 800 பேர் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அமெரிக்கர்கள், மீதிப்பேர் ஆஸ்திரேலியர்கள்.

1966 டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அப்போது மக்களுக்குச் சொல்லப்பட்ட பெயர் ‘கூட்டுத் தற்காப்பு விண்வெளி ஆய்வு நிலையம்’. ஆய்வு என்ற சொல்லைக் கேட்டால் விஞ்ஞானிகள் நட்சத்திரங்களைப் பார்க்கும் இடம் என்றுதான் தோன்றும். உண்மையில் அதை நடத்தியது அமெரிக்காவின் மத்திய உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.

அவ்வளவு தொலைவிலான பாலைவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

முதற்காரணம், வானத்தின் அமைப்பு. சோவியத் ஒன்றியமும் சீனாவும் ஏவுகணைகளைச் சோதிக்கும்போது, அந்த ஏவுகணைகள் தங்கள் நிலையைத் தரைக்கு வானொலி அலைகளாக அனுப்பும். அந்த அலைகளை ஒட்டுக்கேட்க வேண்டுமானால், உயரத்தில் ஒரே இடத்தில் நின்று கேட்கும் துணைக்கோளம் வேண்டும். அது இந்தியப் பெருங்கடல், இந்தோனேசியா பக்கமாக நின்றால் ஆசியாவின் பெரும்பகுதி அதன் பார்வையில் விழும். ஆனால் அந்தத் துணைக்கோளம் அமெரிக்காவிலிருந்து பார்த்தால் தெரியாது. பூமி உருண்டை மறைத்துவிடும். ஆகவே அதை நேரடியாகப் பார்க்கக்கூடிய, நம்பகமான நட்பு நாடு ஒன்று தேவைப்பட்டது.

இரண்டாவது காரணம், கடலிலிருந்து தொலைவு. துணைக்கோளம் தரைக்கு அனுப்பும் அலை ஒரு புள்ளியில் மட்டும் விழாது. சுற்றிலும் பரந்த நிலப்பரப்பில் விழும். நிலையம் கடற்கரையில் இருந்தால், வேற்று நாட்டு உளவுக் கப்பல் ஒன்று வந்து நின்று அதே அலையைப் பிடித்துவிடலாம். கண்டத்தின் நடுவில் அந்த ஆபத்து இல்லை. சுற்றியுள்ள குன்றுகளும் தரைவழி வரும் இடையூறு அலைகளைத் தடுக்கின்றன.

1970 ஜூனில் ‘ரையோலைட்’ என்ற முதல் ஒட்டுக்கேட்பு துணைக்கோளம் ஏவப்பட்டது. அதே ஆண்டில் பைன் கேப்பும் இயங்கத் தொடங்கியது. இந்தத் திட்டத்தின் ரகசியம் அதிக நாள் நிலைக்கவில்லை. அந்தத் துணைக்கோளங்களைத் தயாரித்த அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ்டஃபர் பாய்ஸ் என்ற இளைஞர், சோவியத் தரப்புக்குத் தகவல் விற்றதற்காக 1977-இல் கைது செய்யப்பட்டு 40 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஆஸ்திரேலிய மக்கள் தங்கள் மண்ணில் நடப்பதைப் பற்றி அறிந்துகொள்ள, அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கும் உதவ வேண்டியிருந்தது.

எண்ணிக்கை சொல்லும் கதை

தொடக்கத்தில் பைன் கேப்பில் இருந்தவை ஒரு கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய சில குமிழ்கள்தான். 2016 பிப்ரவரியில் வெளியான ஓர் ஆய்வு, அங்கே 33 அலைவாங்கித் தொகுதிகள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் 19 குமிழ்களால் மூடப்பட்டவை. அதன் பின்னர் வந்த துணைக்கோளப் படங்களை வைத்து எண்ணியவர்கள், எண்ணிக்கை 40-ஐத் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கை அரசு வெளியிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2016 ஆய்வை எழுதியவர்கள் டெஸ்மண்ட் பால், பில் ராபின்சன், ரிச்சர்ட் டான்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள். டெஸ்மண்ட் பால் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். பல பத்தாண்டுகள் இந்த ஒரே விஷயத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தவர். 1980-இலேயே ஆஸ்திரேலியாவிலுள்ள அமெரிக்க நிலையங்கள் பற்றி நூல் எழுதியவர். அந்த 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

அவர்கள் எந்த ரகசியக் கோப்பையும் திருடவில்லை. யாரும் பார்க்கக்கூடிய துணைக்கோளப் படங்கள், எடுக்கப்பட்ட நிழற்படங்கள், நாடாளுமன்ற ஆவணங்கள், அலைவாங்கி தயாரிக்கும் நிறுவனங்களின் விவரங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். எந்த ஆண்டில் எந்தத் தட்டு வந்தது, அதன் அளவு என்ன, அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். ரகசியத்தை எவ்வளவு காத்தாலும், பல மீட்டர் அகலமுள்ள ஓர் அலைவாங்கியைப் பைக்குள் போட்டு மறைக்க முடியாது. அது திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும்.

குமிழ் எதற்கு என்ற கேள்வி வரலாம். புழுதி, காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து கருவியைக் காப்பது அதன் ஒரு பயன். தட்டின் திசையை மறைப்பது இன்னொரு பயன். அஸ்ட்ரோ தட்டு சொல்லிக்கொடுத்த பாடம் இங்கேதான் உதவுகிறது. திசை தெரிந்தால் துணைக்கோளம் எது என்று தெரிந்துவிடும்.

மூன்று வேலைகள், மூன்று வகைத் தட்டுகள்

பைன் கேப்பின் அலைவாங்கிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆய்வாளர்கள் அவற்றை மூன்று பிரிவாகப் பார்க்கிறார்கள்.

முதல் பிரிவு, அமெரிக்காவின் சொந்த ஒட்டுக்கேட்பு துணைக்கோளங்களை இயக்குவது. துணைக்கோளம் வானத்தில் அலைகளைச் சேகரிக்கும். பைன் கேப் அதற்குக் கட்டளை அனுப்பும், சேகரித்ததை வாங்கிப் பிரித்துப் பார்க்கும். இந்தத் துணைக்கோளங்கள் காலப்போக்கில் மிகப் பெரிதாகிவிட்டன. 2010-இல் ஏவப்படவிருந்த ஒன்றை உலகின் ஆகப்பெரிய துணைக்கோளம் என்று அமெரிக்க தேசிய வேவு அலுவலகத்தின் அப்போதைய தலைவரே பொதுமேடையில் குறிப்பிட்டார். பெரிய காது என்றால் மெல்லிய ஒலியும் கேட்கும். ஏவுகணைச் சமிக்ஞைகளைக் கேட்கத் தொடங்கிய இடம், ராடார்களையும் வானொலிகளையும் கைப்பேசிகளையும் கேட்கும் இடமாக விரிந்தது.

இரண்டாம் பிரிவு, ஏவுகணை எச்சரிக்கை. ஏவுகணை கிளம்பும்போது வெளிப்படும் வெப்பத்தை விண்ணிலிருந்து கவனிக்கும் துணைக்கோளங்கள் உண்டு. முன்பு அந்தத் தகவலை தென் ஆஸ்திரேலியாவில் வூமெராவுக்கு அருகிலிருந்த நரங்கார் நிலையம் பெற்றது. 1999-இல் அந்த நிலையம் மூடப்பட்டது. வேலை பைன் கேப்புக்கு மாறியது, அதற்கான அலைவாங்கிகளும் சேர்ந்தன.

மூன்றாம் பிரிவுதான் நம்மைப் போன்ற நாடுகள் உற்றுப் பார்க்க வேண்டியது. பிற நாடுகளும் நிறுவனங்களும் நடத்தும் தொலைத்தொடர்பு துணைக்கோளங்களிலிருந்து இறங்கும் அலைகளைப் பிடிப்பது. 2008-இல் பைன் கேப்பில் ‘டோரஸ்’ என்ற வகை அலைவாங்கி நிறுவப்பட்டது. சாதாரணத் தட்டு ஒரு நேரத்தில் ஒரு துணைக்கோளத்தைத்தான் பார்க்கும். டோரஸ் ஒரே நேரத்தில் ஏறக்குறைய 35 துணைக்கோளங்களின் அலைகளை வாங்க வல்லது.

அதனால் தட்டுகளை எண்ணினால் மட்டும் கணக்கு முடியாது. 33 என்பதும் 40 என்பதும் அவற்றின் திறனை முழுமையாகக் காட்டவில்லை. ஒரு டோரஸ் பல தட்டுகளின் வேலையைச் செய்கிறது.

நியூசிலாந்தில் குறைகிறது, இங்கே கூடுகிறது

இந்தப் போக்கைப் புரிந்துகொள்ள, பக்கத்து நாடான நியூசிலாந்தைப் பார்க்கலாம். அங்கே வைஹோபாய் என்ற இடத்தில் இதேபோன்ற உளவு நிலையம் ஒன்றில் இரண்டு பெரிய தட்டுகள் குமிழ்களுக்குள் இருந்தன. 2008-இல் அமைதி ஆர்வலர்கள் மூவர் உள்ளே நுழைந்து, அரிவாளால் ஒரு குமிழைக் கிழித்துக் காற்றிறங்கச் செய்தது பெரிய செய்தியானது.

2021-இல் நியூசிலாந்து உளவுத்துறையே அந்த இரண்டு தட்டுகளையும் அகற்றப்போவதாக அறிவித்தது. அவற்றால் கிடைப்பது தங்கள் மொத்த உளவு அறிக்கைகளில் 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அது காரணம் சொன்னது. இன்று உலகின் பெரும்பாலான தொலைபேசி, இணையப் போக்குவரத்து கடலடிக் கம்பிவடங்கள் வழியாகப் போகிறது. வானத்திலிருந்து பிடிக்க முன்புபோல் அதிகம் இல்லை.

அப்படியானால் பைன் கேப்பில் மட்டும் ஏன் எண்ணிக்கை கூடுகிறது?

வைஹோபாய் பிறருடைய துணைக்கோளங்களை ஒட்டுக்கேட்ட இடம். பைன் கேப் அமெரிக்காவின் சொந்தத் துணைக்கோளங்களை ஆளும் இடம். கம்பிவடத்தில் போகாதவை உலகில் இன்னும் ஏராளம். போர்க்கப்பலின் ராடார், படையினரின் வானொலி, ஏவுகணையின் சமிக்ஞை, ஒருவர் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி கோபுரத்தோடு பேசும் அலை. இவை காற்றில்தான் பயணிக்கின்றன. ஆசியாவில் வல்லரசுப் போட்டி கூடக் கூட, இவற்றைக் கேட்கும் தேவையும் கூடுகிறது. நியூசிலாந்தில் அகற்றப்பட்டது பழைய தொழில்நுட்பம். பைன் கேப்பில் சேர்வது போருக்கான ஆயத்தம். எண்ணிக்கை உயர்வின் பொருளை இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

காவலாளியா, அம்பு எய்பவரா?

பைன் கேப்பை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1980களில் பாப் ஹாக் தலைமையிலான அரசு, இந்த நிலையம் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்பாடுகளைச் சரிபார்க்க உதவுகிறது என்று விளக்கியது. எதிரி ஏவுகணைகளைப் பற்றி உண்மையாகத் தெரிந்தால்தான் உடன்பாட்டில் கையெழுத்திட முடியும். ஏவுகணை கிளம்பியதா இல்லையா என்று உறுதியாகத் தெரிந்தால், தவறான அச்சத்தால் போர் மூளாது. இதில் உண்மை இருக்கிறது. வேவு பார்ப்பது அரசுகளின் பழைய வேலைதான். திருக்குறளிலேயே ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரம் உண்டு.

ஆனால் பனிப்போர் முடிந்த பிறகு வேலையின் தன்மை மாறியது. 2013-இல் ஆஸ்திரேலிய நாளேடுகள், பைன் கேப்பில் கிடைக்கும் தகவல் அமெரிக்காவின் ஆளில்லா விமானத் தாக்குதல்களுக்கு உதவுவதாக முன்னாள் பணியாளர்களை மேற்கோள் காட்டி எழுதின. 2017-இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு, ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகமான ஏ.பி.சி-யும் ‘தி இன்டர்செப்ட்’ ஊடகமும் மேலும் விவரங்கள் தந்தன. தரையில் அலை எழுப்பும் கருவிகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் அந்நிலையத்தின் வேலை என்று அந்த ஆவணங்கள் காட்டின. இடம் தெரிந்துவிட்டால், அந்த இடத்தைத் தாக்கவும் முடியும்.

2023 இறுதியில் காஸா போர் தீவிரமாக நடந்தபோது, பைன் கேப்புக்குச் செல்லும் சாலையை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மக்களில் சிலர் மறித்தார்கள். அங்கே சேகரிக்கப்படும் தகவல் அந்தப் போருக்கும் போகிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஆஸ்திரேலிய அரசு இதை உறுதிப்படுத்தவில்லை. உளவு விவகாரங்களில் கருத்துரைப்பதில்லை என்பதுதான் எந்த அரசும் சொல்லும் வழக்கமான பதில்.

1975 முதல் 1983 வரை ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த மெல்கம் ஃபிரேசர், பதவியில் இருந்தபோது இந்த நிலையத்தை ஆதரித்தவர். 2014-இல் எழுதிய நூலில் அவரே பைன் கேப்பை மூட வேண்டும் என்றார். அமெரிக்கா இறங்கும் போரில் ஆஸ்திரேலியாவும் தானாக இழுக்கப்படும் என்பது அவருடைய அச்சம். போர் வந்தால் பைன் கேப்பே தாக்குதலுக்கு முதல் இலக்குகளில் ஒன்றாகலாம் என்பதும் ஆஸ்திரேலியாவில் பல காலமாகப் பேசப்படும் ஒன்று.

யாருக்குத் தெரியும்?

1999-இல் பைன் கேப் உடன்பாட்டை நீட்டிப்பது பற்றி ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் உடன்படிக்கைக் குழு விசாரித்தது. போதிய விவரங்களைத் தற்காப்புத் துறை தரவில்லை. அந்தக் குழுவின் முன் வந்து விளக்கியவர் பேராசிரியர் டெஸ்மண்ட் பால். அமெரிக்க மக்கள் பிரதிநிதிகளுக்குக் கிடைக்கும் விவரம்கூடத் தங்களுக்குக் கிடைப்பதில்லை என்று ஆஸ்திரேலிய உறுப்பினர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். அதாவது, நிலம் யாருடையதோ அவர்களின் பிரதிநிதிகள் வாசலில் நிற்க வேண்டிய நிலை.

அரசு தரும் விடை ஒரு சொற்றொடரில் அடங்குகிறது: அங்கு நடப்பவை ஆஸ்திரேலியாவின் ‘முழு அறிவோடும் இசைவோடும்’ நடக்கின்றன. 2013-இல் தற்காப்பு அமைச்சராக இருந்த ஸ்டீபன் ஸ்மித் இதை நாடாளுமன்றத்தில் விளக்கினார். இசைவு என்றால் அமெரிக்கா செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஒப்புதல் என்று பொருளல்ல என்பதும் அந்த விளக்கத்தில் இருந்தது. அப்படியானால் தவறு நடந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கேள்வி கேட்டு உள்ளே போனவர்களுக்கு என்ன ஆனது? 2005-இல் நான்கு கிறிஸ்துவ அமைதி ஆர்வலர்கள் வேலியைத் தாண்டி நுழைந்தார்கள். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்கள்மேல் பாய்ந்தது. பிரிட்டன் ஆஸ்திரேலிய மண்ணில் அணுகுண்டு சோதித்த காலத்தில், அந்த இடங்களைக் காக்க இயற்றப்பட்ட சட்டம் அது. பைன் கேப் உண்மையில் என்ன செய்கிறது என்று வாதிட அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை என்பதால், 2008-இல் மேல்முறையீட்டில் அவர்களின் தண்டனை ரத்தானது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அந்த ஓட்டையை அடைத்தது. 2016-இல் நிலையத்தின் 50-ஆவது ஆண்டையொட்டி இசைக்கருவிகளோடு நுழைந்து போரில் இறந்தோருக்காக ஒப்பாரி இசைத்தவர்களும் 2017-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு அபராதம் செலுத்தினார்கள்.

நமக்கு என்ன தொடர்பு?

2013-ஆம் ஆண்டு இறுதியை நினைவுகூர்வோம். ஸ்னோடன் ஆவணங்களின் வழி, கோலாலம்பூர் உட்பட ஆசியத் தலைநகரங்களிலுள்ள அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் ஒட்டுக்கேட்பு மையங்களாகவும் பயன்படுவதாகச் செய்தி வந்தது. நவம்பரில் மலேசிய அரசு, அமெரிக்கத் தூதரகத்தின் துணைத் தலைவரையும் ஆஸ்திரேலியத் தூதரையும் அழைத்து ஆட்சேபம் தெரிவித்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ அனிஃபா அமான். அதே ஆண்டில், சிங்கப்பூர் வழியாகச் செல்லும் கடலடிக் கம்பிவடங்கள் ஒட்டுக்கேட்கப்படுவதாகவும் ஆஸ்திரேலிய நாளேடுகள் எழுதின.

தூதரகக் கூரையில் இருக்கும் கருவியும், கம்பிவடத்தில் செருகும் கருவியும், பைன் கேப்பின் குமிழும் வெவ்வேறு இடங்கள்தான். ஆனால் அவற்றின் பின்னால் இருப்பது ‘ஐந்து கண்கள்’ என்று அழைக்கப்படும் ஒரே கூட்டணி: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து.

நமக்கும் ஓர் ஐந்து நாட்டுக் கூட்டு உண்டு. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. 1971 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பட்டர்வொர்த் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஆஸ்திரேலிய விமானப்படையினரைத் தெரிந்திருக்கும். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன. நம் வான்வெளியைக் காக்க உதவும் நண்பர்களே, நம் வானத்தின் மேலிருந்து கேட்கும் கூட்டணியிலும் இருக்கிறார்கள்.

அதே 1971 நவம்பரில்தான் தென்கிழக்காசியாவை அமைதி, சுதந்திர, நடுநிலை மண்டலமாக அறிவித்த கோலாலம்பூர் பிரகடனமும் கையெழுத்தானது. ஒரு கையால் நட்பு நாடுகளின் படைகளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நடுநிலையைப் பிடித்துக்கொள்வதுதான் அன்று முதல் நம் நாடுகளின் நடை. 2021-இல் ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தி நீர்மூழ்கிகள் தரும் ஆக்கஸ் ஏற்பாடு அறிவிக்கப்பட்டபோது மலேசியா கவலை தெரிவித்தது அந்த நடையின் தொடர்ச்சி. நீர்மூழ்கி வருவதற்கு இன்னும் ஆண்டுகள் பல ஆகும். பைன் கேப்பின் தட்டுகளோ இப்போதே வேலை செய்துகொண்டிருக்கின்றன. நீர்மூழ்கியைப் பற்றிப் பேசிய அளவுக்கு நம் பகுதியில் அவற்றைப் பற்றிப் பேசியதில்லை.

சாதாரண மனிதனின் தொலைபேசியில் அவர்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று சிலர் கேட்கலாம். கடை வாடகை, கல்யாணத் தேதி, செம்பனை விலை, இவைதானே பேசுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டும் இருக்கிறது. ஆனால் யார், யாரோடு, எப்போது, எங்கிருந்து பேசினார் என்ற விவரங்களுக்கு அந்தப் பூட்டு முழுக் காவல் தராது. மேலும், கேள்வி நம்மில் ஒருவருடைய ரகசியம் பற்றியது மட்டுமல்ல. ஒரு நாட்டின் அமைச்சர்கள், படைகள், பேச்சுவார்த்தைக்குப் போகும் அதிகாரிகள் சொல்வது முன்கூட்டியே எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிட்டால், அந்த நாட்டின் பேரம் பேசும் வலிமை குறைகிறது. அந்த இழப்பு கடைசியில் பொதுமக்கள் தலையில்தான் விழும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேட்டில் துரை பங்களா இருக்கும். அங்கிருந்து பார்த்தால் லயம் முழுவதும் தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் சன்னல்தான் தெரியும். துரை நல்லவரா, கெட்டவரா என்பது வேறு பேச்சு. பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையில் உள்ள உயர வேறுபாடே ஓர் அதிகாரம்.

எண்ணுவதும் ஓர் உரிமை

பைன் கேப்பை நாம் மூடிவிட முடியாது. அது ஆஸ்திரேலிய மக்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் நாம் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. 2013-இல் ஆட்சேபம் தெரிவித்த பிறகு நமக்கு என்ன உறுதிமொழி கிடைத்தது? ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டுக் கூட்டங்களில் இந்த விவகாரம் எழுப்பப்படுகிறதா? நம் அரசாங்கத் தகவல்தொடர்புகள் எவ்வளவு பாதுகாப்பானவை? நாடாளுமன்ற உறுப்பினரைத் திருவிழாவிலும் திருமணத்திலும் சந்திக்கிறோம். சாலை, கோயில் மானியம் பற்றிக் கேட்கும் நமக்கு இதையும் கேட்க உரிமை உண்டு.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நமக்குக் கற்றுத்தந்த பாடம் பெரிது. அரசு வாய் திறக்காதபோது அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணினார்கள். ஆண்டுக்கு ஆண்டு எழுதி வைத்தார்கள். இன்று உலகம் பைன் கேப்பைப் பற்றிப் பேசுகிறதென்றால், அந்தப் பொறுமையான கணக்கும் ஒரு காரணம்.

இன்று மாலை வீட்டுக்கு வெளியே வந்தால், கூரையில் உள்ள தட்டைப் பாருங்கள். அது எதைப் பார்க்கிறது, எதைக் கொண்டுவருகிறது என்று உங்களுக்குத் தெரியும். மாதக் கட்டணமும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். பாலைவனத்தில் குமிழுக்குள் இருக்கும் தட்டுகள் எதைப் பார்க்கின்றன என்று, அந்த நாட்டு மக்களுக்கே முழுமையாகத் தெரியாது. அவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நாமும் குறைந்தது கேட்கத் தொடங்கலாம்.